மாக்கோழியும் காகிதக் குறியும்

பள்ளியிலும் கல்லூரியிலும் தேசிய மாணவர் படையில் சேரும் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி அளிக்கப்படுகின்றது. 1948-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்படையில் குறிபார்த்துச் சுடுதலும் ஒரு பாடமாகும். அவர்கள் கையில் கொடுக்கப்படுவது 'பாயிண்ட் 22' என வழங்கும் சிறிய ரைபிள். அதில் திறமை காட்டும் பிள்ளைகள் சிலர் மேலும் பயில விழைகின்றனர். போட்டிகளில் கலந்துகொள்ள ஆசைப்படுகின்றனர். நம் சமூகத்துப் பிள்ளை ஒருவன் இவ்வாறு கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? எறும்பையும் மிதியாது நட என்று கற்பித்தோம். நீரை வடிகட்டி அருந்தவும், பொழுது சாயுமுன் உண்ணவும் பழக்கினோம். அவ்வாறு வளர்த்த கையில் துப்பாக்கியைத் தரலாமா?

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் எளிதில் கிடைக்கின்றன. 'துப்பாக்கி கொலைக் கருவி. அதைத் தொடுதலே பாவம்' என்பது ஒன்று. 'காகிதத்தைத்தானே சுடுகிறான், காகிதத்துக்கு உயிர் ஏது?' என்பது மற்றொன்று. முன்னது கருவியை மட்டும் நோக்குகின்றது. பின்னது குறியை மட்டும் நோக்குகின்றது. சுடுகின்றவனின் உள்ளத்தை இரண்டும் நோக்கவில்லை. ஜின தருமமோ உள்ளத்திலிருந்தே தன் ஆராய்ச்சியைத் தொடங்குவது. ஆதலின் இவ்விரு விடைகளையும் ஒதுக்கி வைத்து, பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

கருவியின் இயல்பு

முதலில் கருவியை அறிதல் நன்று. அறியாத பொருளைப் புகழ்தலும் இகழ்தலும் நல்லறிவு ஆகா. கதவுத் தாழ்ப்பாளைப் போல முன்னும் பின்னும் நகரும் எஃகுத் தண்டு ஒன்று இந்த ரைபிளின் நடுவே உள்ளது. அதன் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். புதிய தோட்டாவை இட்டு முன்னே தள்ளிக் கைப்பிடியைத் தாழ்த்தினால் அறை இறுக மூடிக்கொள்ளும். விசையை ஒருமுறை அழுத்த ஒரு குண்டு செல்லும். மறுகுண்டுக்கு மீண்டும் தாழைத் திறந்து மூட வேண்டும். தோட்டாவின் அடிவிளிம்புக்குள் வெடிகலவை இருக்கும். ஊசி அவ்விளிம்பைத் தட்டியதும் அது தீப்பற்றி உள்ளிருக்கும் மருந்தைக் கொளுத்த, குண்டு வெளிப்படும்.

அக்குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 2.6 கிராம். போட்டிக்குரிய தோட்டாவில் அது ஒலியின் வேகத்தினும் சற்றுக் குறைவாகவே செல்லும். குறி நிற்பது 50 மீட்டர் தொலைவில். அதன் நடுவே பத்து மதிப்பெண் தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவே என்னலாம். ஒலிம்பிக்கில் நடைபெறும் மூன்று நிலைப் போட்டியில் மண்டியிட்டும், குப்புறப் படுத்தும், நின்றும் அவ்வட்டத்தை நோக்கிச் சுட வேண்டும். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே இப்போட்டியின் இறுதிச் சுற்றில் 451.4 புள்ளிகள் பெற்று வெண்கலப் பதக்கம் வென்றார். இப்பிரிவில் பாரதம் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அப்பொழுது அவர் மத்திய இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர். ஆகவே பிள்ளைகள் இதனை வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை. பெருமையும் வாழ்வாதாரமும் தரும் துறையாகவே காண்கின்றனர்.

எனினும் கருவியின் வரலாறு முழுவதும் இத்தகைய பெருமை உடையதன்று. விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் இவ்வகைத் தோட்டாவை 1845-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஃப்ளோபேர் என்பார் உருவாக்கினார். வீட்டுக் கூடங்களில் குறிபார்த்து விளையாடுதற்கே அது முதலில் பயன்பட்டது. 12 ஆண்டுகள் கழித்து, 1857-இல், அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் அதே முறையில் ஒரு தோட்டாவைச் செய்து, சட்டைப்பையில் மறைத்து வைக்கத்தக்க கைத்துப்பாக்கிக்கு உரியதாக்கிற்று. விளையாட்டுப் பொருள் ஆயுதமாக மாறுவதற்கு 12 ஆண்டுகளே போதுமானதாயின! இன்று போட்டிகளில் வழங்கும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887-இல் வெளிவந்தது. முயலையும் அணிலையும் பறவைகளையும் வேட்டையாட உலகெங்கும் பயன்படுவதும் அதுவே. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடியின் உயிரைக் கவர்ந்ததும் பாயிண்ட் 22 கைத்துப்பாக்கிக் குண்டே. இத்தோட்டாக்களை அடைத்துவரும் பெட்டிகளிலேயே, குண்டு ஒன்றரை மைல் வரை சென்று தீங்கு செய்யக்கூடும் என்று எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். 'பயிற்சித் துப்பாக்கி' என்னும் பெயரைக் கேட்டு இது தீங்கற்றது என்று எவரும் மயங்க வேண்டா.

உயிர்ப்புறாவும் மண்புறாவும்

குறியின் வரலாறும் அறியத்தக்கது. 1900-ஆம் ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக்கை ஒட்டி நடைபெற்ற போட்டி ஒன்றில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். ஏறத்தாழ 300 புறாக்கள் மாண்டன. 21 புறாக்களை வீழ்த்திய பெல்ஜிய நாட்டவர் முதலிடம் பெற்றார். கண்டோர் உள்ளம் கசந்தது போலும். ஒலிம்பிக்கில் அக்கொடுமை பின்னர் நிலைக்கவில்லை. புறாவின் இடத்தில் சுட்ட மண்ணைப் போன்ற தட்டு ஒன்று வந்தது. எனினும் அதற்கு 'மண்புறா' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

வேறு போட்டிகளில் மான் வடிவப் பலகையை ஓடவிட்டுச் சுட்டனர். 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தொலைவில் ஓடும் காட்டுப்பன்றியின் படத்தைப் பாயிண்ட் 22 ரைபிளால் சுடும் போட்டி இடம் பெற்றது. விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் மனித உருவ நிழற்பலகையே நெடுங்காலம் குறியாக நின்றது. பின்னாளில்தான் அது வட்டக்குறியாக மாற்றப்பட்டது.

உயிர் போய் உருவம் வந்தது; உருவம் போய் வட்டம் வந்தது. இம்மாற்றத்தை உலகோர் நாகரிக வளர்ச்சி என்பர். உயிர்கள் தப்பின என்னும் அளவில் நாமும் மகிழ்வோம். ஆயினும் உயிருக்குப் பதிலாக உருவத்தை வைத்த அளவில் பாவம் நீங்கிவிடுமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வினாவை நம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுப்பி விடையும் கண்டுள்ளனர். யசோதர காவியத்தின் கதைப்பொருளே அதுவாகும்.

மாக்கோழி காட்டும் உண்மை

அவந்தி நாட்டு உஞ்சயினியில் அரசாண்டவன் யசோதரன். மனையாளின் ஒழுக்கக்கேட்டைக் கண்டு மனம் நொந்த அவன், தன் துயரை மறைத்து, தீக்கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் உரைத்தான். கனவின் தீமை நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடுக என்றாள் தாய். கொலைக்கு அவன் உடன்படவில்லை. 'அங்ஙனமாயின் மாவினால் கோழி செய்து பலியிடுக' என்று தாய் வற்புறுத்த, அதற்கு இசைந்து மாக்கோழியை வாளால் வெட்டினான். அதன்பின் தாயும் மகனும் நஞ்சூட்டப்பட்டு மாண்டு, மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர்.

மாவிலே உயிர் இல்லை, இரத்தம் இல்லை, வலி இல்லை. பின் ஏன் இத்துணைத் துன்பம்? அவன் வெட்டியது மாவை எனினும், வெட்டுவதாக எண்ணியது கோழியை. கையின் செயல் மாவோடு முடிந்தது. கருத்தின் செயல் உயிர்வரை சென்றது. புறத்தே உயிர் பிரிவதைத் திரவிய இம்சை என்றும், அகத்தே கொல்லும் எண்ணம் தோன்றுவதைப் பாவ இம்சை என்றும் ஆகமங்கள் பகுத்துரைக்கின்றன. கஷாயம் கலந்த, விழிப்பற்ற மன மொழி மெய்களின் இயக்கத்தால் உயிருக்குத் தீங்கு நேர்வதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் இலக்கணம் வகுத்தார். ஆசை, வெகுளி முதலியன உள்ளத்தில் எழுதலே இம்சை, எழாமையே அகிம்சை என்று அமிர்தசந்திராசாரியர் அதன் கருத்தை விளக்கினார். வலை வீசி ஒரு மீனும் படாமல் வெறுங்கையோடு திரும்பிய வலைஞனைப் பாவி என்றும், ஏரின்கீழ்ப் பல புழுக்கள் மடியினும் உழவனை அவனோடு ஒப்பக் கருதலாகாது என்றும் நம் பெரியோர் கூறும் உவமையும் இக்கருத்தையே வலியுறுத்தும்.

இனி இவ்வளவுகோலைத் துப்பாக்கிக் குறிக்குப் பொருத்திப் பார்ப்போம். மான் வடிவப் பலகையைச் சுடுபவன் பலகையைச் சுடுவதாக மட்டும் எண்ணுவானோ? மானின் மார்பு எங்கே, உயிர்நிலை எங்கே என்று தேடியன்றோ குறிவைக்கின்றான்! மனித உருவத்தின் நெஞ்சில் வரையப்பட்ட எண்ணுக்குக் குறிவைப்பவன் நிலையும் அதுவே. அவை மாக்கோழியின் இனத்தைச் சேர்ந்தவை. வீடுகளில் பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டுகள் பலவும் இவ்வினத்தனவே. அவற்றில் தோட்டாவும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கொல்லும் எண்ணம் மட்டும் குறைவின்றி உண்டு. துப்பாக்கிப் பயிற்சிக்கு அஞ்சும் பெற்றோர் இதற்கு அஞ்சாதது வியப்பே.

காகித வட்டத்தின் நிலை வேறு. வட்டத்துக்கு நெஞ்சு இல்லை, தலை இல்லை. அது ஓர் அளவுகோல். தன் கை எவ்வளவு அசைந்தது, மூச்சு எங்கே பிறழ்ந்தது என்பதைச் சுடுபவனுக்கே எடுத்துக்காட்டும் கண்ணாடி அது. அதில் படும் துளை எவரையும் குறிப்பதில்லை. ஆதலின் வட்டக்குறியைச் சுடுவது சங்கற்ப இம்சை ஆகாது என்பது என் துணிபு. ஆனால் இத்துணிபுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வட்டத்தில் தன் பகைவன் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு சுடுபவனுக்கு அக்கணமே வட்டமும் மாக்கோழியாகிவிடும். வெளியில் நிற்போர் அதனை அறியார். அவன் வினை அறியும்.

இக்கதையில் பெற்றோர் கருதத்தக்க இரண்டு செய்திகள் உள. ஒன்று, வாள் ஓச்சியவன் மகனே எனினும், ஏவிய தாயும் அவனோடு ஒப்பப் பிறவித் துன்பம் எய்தினாள். செய்தலும், செய்வித்தலும், செய்வதற்கு உடன்படுதலும் வினைக்குக் காரணங்களே. மற்றொன்று கதையின் பிற்பகுதியில் வருவது. தாயும் மகனும் இறுதியில் இரண்டு கோழிகளாகப் பிறந்து வளர்ந்தனர். அவற்றின் குரலைக் கேட்ட அரசன் யசோமதி, ஒலி வந்த திசை நோக்கி எய்யும் தன் வில்திறனை அரசிக்குக் காட்ட விரும்பி அம்பு விட்டான், கோழிகள் மாண்டன. அவ்வரசன் யார்? யசோதரனின் மகனே! அவனுக்குக் கோழிகள்மேல் சினமும் இல்லை, பசியும் இல்லை. திறமையைக் காட்ட வேண்டும் என்னும் செருக்கு ஒன்றே இருந்தது. அச்செருக்கினால் தந்தையையும் பாட்டியையும் தன் கையாலேயே கொன்றான். குறி தவறாத கைக்குக் கருணை இல்லையேல் நேர்வது இதுவே.

மனவொருமை தவம் ஆகுமா?

துப்பாக்கிப் பயிற்சியைப் போற்றுவோர் கூறும் வாதம் ஒன்று உண்டு. இப்பயிற்சி தியானத்துக்கு ஒப்பானது என்பர். உண்மையில், தேர்ந்த வீரர் மூச்சை வெளியிட்டு, அடுத்த மூச்சு எழுமுன் உள்ள அமைதியில் விசையை அழுத்துகின்றார். நாடித் துடிப்பினாலே கூடக் குழல் அசையும் என்பதால் உடலைச் சிலைபோல் நிறுத்தப் பழகுகின்றார். கண்ணும் கையும் மனமும் ஒரு புள்ளியில் நிற்கின்றன. சிதறிய மனத்தோடு திரியும் இக்காலப் பிள்ளைகளுக்கு இதனால் நன்மை உண்டு என்பதை மறுக்க இயலாது.

ஆயினும் மனவொருமை என்பது தன்னளவில் அறமோ மறமோ ஆகாது. நம் ஆகமங்கள் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மியம், சுக்கிலம் என நான்காகப் பகுத்துள்ளன. முதல் இரண்டும் பிறவியை வளர்ப்பன. பின் இரண்டும் வீட்டுக்கு வழி செய்வன. இம்சையில் இன்புற்று அதிலேயே மனம் ஒன்றி நிற்பதும் தியானமே. அது ரௌத்திர தியானம். ஓடையில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குக்கு மனவொருமை குறைவோ?

துரோணர் தம் மாணவரைச் சோதித்த பாரதக் கதையை அனைவரும் அறிவர். மரத்தில் செயற்கைப் பறவை ஒன்றை வைத்து, என்ன தெரிகிறது என்று வினவினார். மற்றையோர் மரமும் கிளையும் சூழ்ந்தோரும் தெரிவதாகக் கூறினர். பறவையின் தலை ஒன்றே தெரிகின்றது என்றான் அருச்சுனன். அவ்விடையை உலகம் போற்றுகின்றது. வில்வித்தைக்கு அது சிறந்த விடையே. ஆனால் அறநோக்கில் அதனுள் ஓர் அச்சம் மறைந்திருக்கின்றது. தலையை மட்டும் கண்டு பறவையைக் காணாத பார்வை, செயற்கைப் பறவையின்முன் திறமை எனப்படும். உயிர்ப்பறவையின்முன் அதுவே கொடுமை ஆகும். ஆதலின் குறி ஒன்றையே காணப் பயிலும் பிள்ளைக்கு, துப்பாக்கியைக் கீழே வைத்தபின் சுற்றியுள்ள உயிர்களை எல்லாம் காணவும் பயிற்றுதல் வேண்டும். இரண்டாவது பயிற்சி இன்றி முதலாவது பயிற்சி நிறைவுறாது.

பிரமாதம் என்னும் பகை

இம்சைக்கு இலக்கணம் கூறிய ஆசாரியர் விழிப்பின்மையை அதன் முதற்காரணமாக வைத்தார். பிரமாதம் என்பது அதன் ஆகமப் பெயர். துப்பாக்கிக் களத்தின் விதிகளை ஆராய்ந்தால், அவையனைத்தும் பிரமாதத்தைத் தடுக்க எழுந்தவை என்பது விளங்கும். எத்துப்பாக்கியிலும் தோட்டா உள்ளது என்றே கொள்ள வேண்டும். குழலை ஒருபொழுதும் ஆளை நோக்கித் திருப்பலாகாது. சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடலாகாது. குறிக்கு அப்பால் என்ன உள்ளது என்பதை அறிந்தே சுட வேண்டும். சுட்டு முடிந்ததும் தாழைத் திறந்து, அறை வெறுமையானதைக் காட்டிய பின்னரே குறியை நோக்கி நடக்க வேண்டும். அடி வைக்குமுன் நிலத்தை நோக்கு, பொருளை எடுக்கும்பொழுதும் வைக்கும்பொழுதும் உயிர் உண்டோ என்று நோக்கு எனச் சமிதிகளில் கூறும் விழிப்புக்கும் இவற்றுக்கும் ஓர் ஒற்றுமை இருப்பதைக் காணலாம்.

இத்துணை விழிப்புக்கு நடுவிலும் மறதி புகும் என்பதற்கு அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ் வரலாறே சான்று. 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மூன்று நிலைப் போட்டியில், ஒரே ஒரு குண்டு எஞ்சியிருக்க, அவர் 3 புள்ளிகள் முன்னணியில் நின்றார். அவ்விறுதிக் குண்டைத் தம் குறிக்கு விடாமல் பக்கத்துக் குறிக்கு விட்டார். அதற்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. எட்டாம் இடத்துக்கு இறங்கினார். நான்கு ஆண்டுகள் கழித்துப் பெய்ஜிங்கிலும் முன்னணியில் இருந்தவர், இறுதிக் குண்டை நினைத்த கணத்துக்கு முன்பே விரல் அழுத்திவிட, 4.4 புள்ளியே பெற்று நான்காம் இடம் அடைந்தார். தளராது முயன்று 2012-இல் இலண்டனில் வெண்கலம் பெற்றமை அவர்தம் பொறுமைக்குச் சான்று.

உலகின் தலைசிறந்த வீரருக்கே இது நேர்ந்தது என்றால், பயிலும் சிறுவர் நிலை யாது? களத்தில் நேரும் மறதி பதக்கத்தைப் பறிக்கும். களத்துக்கு வெளியே நேரும் மறதி உயிரைப் பறிக்கும். கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை என்று பின்னர்க் கூறுவதால் பிரமாதத்தின் வினை நீங்காது. விழிப்பாய் இருக்க இயலாதவன் நல்லெண்ணம் உடையவன் எனினும் துப்பாக்கியைத் தொடும் தகுதி உடையவன் அல்லன்.

இரத்தம் சிந்தாத போர்

போட்டி என்னும் கருத்தையே ஜின தருமம் வெறுக்கின்றதோ எனின், இல்லை. பரத சக்கரவர்த்தியின் படையும் பாகுபலியின் படையும் போருக்கு அணிவகுத்து நின்றபொழுது, இருதரத்து அமைச்சரும் கூடி, வீரர் பல்லாயிரவர் மாளாதிருக்கும்பொருட்டு உடன்பிறந்தார் இருவர் மட்டும் மோதுக என்றனர். கண் இமையாது நோக்கும் திருட்டி யுத்தம், நீரை வாரி இறைக்கும் ஜல யுத்தம், மல்யுத்தம் என மூன்று வகைப் போர் நிகழ்ந்தது. ஆயுதமும் இரத்தமும் இன்றி வெற்றி தோல்வியை முடிவு செய்யும் விளையாட்டுக்கு இதனினும் பழமையான பெருமை எங்கே உள்ளது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூன்றிலும் தோற்ற பரதன் வெகுண்டு சக்கராயுதத்தை ஏவினான். இரத்தமற்ற போட்டியின் தோல்வி, ஆயுதத்தின் வாயிலைத் திறந்துவிட்டது. வென்ற பாகுபலியோ அவ்வெற்றியால் மகிழ்ந்தாரில்லை. உலகை வெறுத்துத் தவம் மேற்கொண்டார். அத்தவத்திலும் தமையனின் மண்ணில் நிற்கின்றோமே என்னும் நுண்ணிய நினைவு நீங்கும்வரை கேவல ஞானம் தோன்றவில்லை என்பர். வெற்றியில் மானமும் தோல்வியில் குரோதமும் ஒளிந்திருக்கும் என்பதே இதன் பாடம். பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர், அவன் பெற்ற மதிப்பெண்ணைக் கேட்குமுன் தோல்வியை எவ்வாறு ஏற்றான் என்பதைக் கேட்க வேண்டும். தோற்ற நாளில் வெகுளியோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு எந்த விளையாட்டும் நல்லதன்று; ஆயுதத்தோடு கூடிய விளையாட்டு எள்ளளவும் ஏற்றதன்று.

அனர்த்த தண்ட விரதம் கூறுவது

இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தைக் கூறுகின்றன. பயனின்றிப் பாவம் சேர்க்கும் செயல்களை விலக்குதலே அவ்விரதம். பாவோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துச்சுருதி, பிரமாத சரியை என அச்செயல்கள் ஐவகைப்படும். அவற்றுள் இம்சாதானம் என்பது கொலைக்குரிய கருவிகளைப் பிறர்க்கு வழங்குதல். வாளையும் நஞ்சையும் கூறும் அதே இடத்தில் கோடரியையும் மண்வெட்டியையும் தீயையும் ஆசாரியர் சேர்த்துக் கூறுவது சிந்திக்கத்தக்கது. மண்வெட்டி வீட்டுப் பொருள். எனினும் தகாதவன் கைக்குச் சென்றால் தீங்கு செய்யும். கருவியின் குற்றம் அதன் பெயரில் இல்லை. காரணமின்றியும் காவலின்றியும் கை மாறுவதிலேயே உள்ளது.

இதனால் பெறப்படுவன பல. பயிற்சிக் களத்துக்குரிய துப்பாக்கி களத்திலேயே இருத்தல் நன்று. அலங்காரப் பொருளாக வீட்டில் வைத்தலும் விருந்தினர்க்குக் காட்டி மகிழ்தலும் தகா. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதற்கு உரிமம் வேண்டும் என்கிறது. சட்டம் வேண்டுவது உரிமம்; விரதம் வேண்டுவதோ, இப்பொருள் எனக்கு உண்மையில் தேவையா என்னும் தன்விசாரணை. தேவையின்றி ஈட்டிய எப்பொருளும் பரிக்கிரகமே; ஆயுதமாயின் அப்பரிக்கிரகம் இரட்டைச் சுமை.

வெடிமருந்து அற்ற காற்றுத் துப்பாக்கியே போதுமே என்று சிலர் கூறுவர். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான். பயிற்சிக்கு அது போதும் என்பது சரியே. ஆனால் அது சிறியது என்பதாலேயே எளிதாகக் கிடைக்கின்றது. எளிதாகக் கிடைப்பதாலேயே விடுமுறை நாளில் தோப்பிலுள்ள காக்கையும் அணிலும் புறாவும் அதற்கு இலக்காகின்றன. வேட்டை ஏழு வியசனங்களுள் ஒன்று என்பதைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னரே வேட்டை குற்றமாயிற்று என்று நினைப்பவர்க்கு, அது அதற்கும் முன்னரே பாவமாயிருந்தது என்பதை நினைவூட்டுவோம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இக்குண்டுகள் பெரும்பாலும் ஈயத்தால் ஆனவை. தோட்டாவின் விளிம்பில் உள்ள வெடிகலவையிலும் ஈயம் சேர்வதுண்டு. ஈயம் நஞ்சு, மண்ணில் தங்கி நெடுநாள் தீங்கு செய்வது, கல்லோடு கல்லாக அதனைக் கொத்தி விழுங்கும் பறவைகளையும் கொல்வது. ஆதலின் குண்டுகளை முழுதும் தடுத்துச் சேகரிக்கும் தடுப்பு அமைந்த களத்திலேயே பயில வேண்டும். பயின்றபின் கைகளைக் கழுவிய பிறகே உண்ண வேண்டும். வட்டத்தில் துளை இட்டதோடு குண்டின் பயணம் முடிந்தது என்று கருதுபவன் இம்சையின் முழு வழியையும் காணாதவன்.

முடிவு

படையிலும் காவல் துறையிலும் பணிபுரிவோர் பற்றி ஐயம் எழலாம். ஆரம்பம், உத்தியோகம், விரோதி, சங்கற்பம் என நால்வகை இம்சைகளுள், இல்லறத்தார் முற்றத் துறக்க வேண்டுவது சங்கற்ப இம்சை. நாட்டையும் எளியோரையும் காக்கும் பொருட்டு நேரும் விரோதி இம்சை, குறைக்கத்தக்கது ஆயினும் அவர்க்கு முழுதும் விலக்கப்பட்டதன்று. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவைச் செதுக்குவித்த சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர். ஆயினும் அவர் போர்க்களத்தில் வாளேந்தியதைக் காட்டி, களிப்புக்காக ஆயுதம் ஏந்துவதற்கு நியாயம் தேடலாகாது. காப்பதற்கு ஏந்துவது வேறு. களிப்பதற்கு ஏந்துவது வேறு.

எனவே நம்மைக் கேட்கும் பிள்ளைக்கு நாம் கூறத்தக்க விடை இது: 'வட்டக்குறியை நோக்கிப் பயில்வதற்குத் தடை இல்லை. ஆனால் உயிரின் உருவத்தை ஒருபொழுதும் குறியாகக் கொள்ளாதே. படத்திலும் வேண்டா, கற்பனையிலும் வேண்டா. உன் திறமையைக் காட்ட எவ்வுயிர்மேலும் குறிவைக்காதே. விழிப்புக் குன்றிய நாளில் கருவியைத் தொடாதே. வெகுளி எழுந்த நாளில் களத்துக்கே செல்லாதே. கருவியை வீட்டுக்குக் கொணராதே, பிறர்க்குக் கொடாதே. சுடும் ஓசையில் உனக்கு இன்பம் தோன்றத் தொடங்கினால், அன்றே விட்டுவிடு.' இவற்றை ஏற்கும் பிள்ளை பயிலட்டும். ஏற்க மனமில்லாத பிள்ளைக்கு வேறு விளையாட்டுகள் பல உள. அவனை மறுக்கும் உரிமையும் கடமையும் பெற்றோர்க்கு உண்டு.

இவ்விடை முழுமை உடையது என்று கூறத் துணியேன். மகாவிரதம் பூண்ட துறவியர் இக்கருவியைக் கையாலும் தீண்டார். அவர்தம் நிலையே உயர்ந்தது. நாமோ அணுவிரத நெறியில் நிற்பவர்கள். நமக்கு விதிக்கப்பட்டது, உலகில் வாழ்ந்துகொண்டே ஒவ்வோர் அடியிலும் இம்சையைக் குறைத்துச் செல்லுதல். ஆகவே இப்பயிற்சியை மேற்கொள்பவனும் ஒருநாள் இதனை விட்டு மேலேறும் நோக்கத்துடனேயே மேற்கொள்ள வேண்டும்.

50 மீட்டருக்கு அப்பால் நிற்கும் 10 மில்லிமீட்டர் வட்டத்தைத் தவறாது அடிக்க ஒருவன் பல்லாண்டு உழைக்கின்றான். தன் நெஞ்சுக்குள்ளேயே நிற்கும் குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கையும் நோக்கி அவ்வுழைப்பில் ஒரு பங்கையேனும் செலுத்துவானாயின், அவன் பெறும் பயன் பெரிது. அப்பயிற்சிக்கு உரிமம் வேண்டா, களம் வேண்டா, கருவியும் வேண்டா. அதனைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே தொடங்குவோமாக.

ஜின தருமம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!